ரெயில் நிலையத்தில் பேப்பர் விற்ற சிறுவன் உருவாக்கிய கோடீஸ்வரர் கார்: ரோல்ஸ்ராய்ஸ் பிறந்த கதை

ரோல்ஸ்ராய்ஸ். இந்தப் பேரைச் சொன்னாலே பணம்தான் ஞாபகத்துக்கு வரும். ராஜாக்கள், பிரபுக்கள், சினிமா நட்சத்திரங்கள், பெரிய தொழில் அதிபர்கள் என்று வசதியானவர்கள் மட்டுமே வைத்திருக்கும் கார். ரோட்டில் ஒரு ரோல்ஸ்ராய்ஸ் போனால் டீக்கடையில் நிற்கிறவர்கள் கூட டம்ளரை கீழே வைத்துவிட்டு திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் இந்தக் காரை உருவாக்கியவர் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. 9 வயதில் அப்பாவை பறிகொடுத்தவர். வயிற்றுப் பிழைப்புக்காக ரெயில் நிலையத்தில் பேப்பர் விற்றவர். பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒழுங்காகப் போனது ஒரு வருடம்தான் இருக்கும். அரசாங்கமே கூப்பிட்டு பட்டம் கொடுத்த பிறகும், தன்னை ஒரு மெக்கானிக் என்றே கடைசி வரை சொல்லிக்கொண்டவர். அவர் பெயர் ஹென்றி ராய்ஸ்.

உலகமே கொண்டாடிய காரைக் கொடுத்த அந்த மனிதர், அதற்காக தன் உடம்பையும் குடும்பத்தையும் விலையாகக் கொடுத்தார். தன் பெயரில் ஓடிய தொழிற்சாலைக்குள்ளேயே கால் வைக்க முடியாமல் கடைசி 20 வருடங்களை கழித்தார்.

நொடித்துப் போன மாவு மில்

இங்கிலாந்து நாட்டில் பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்வால்டன் என்று ஒரு சின்ன கிராமம். அங்கே 1863-ம் ஆண்டு மார்ச் 27-ந்தேதி ஹென்றி ராய்ஸ் பிறந்தார். வீட்டில் 5 குழந்தைகள். ஹென்றிதான் கடைக்குட்டி.

அப்பா ஜேம்ஸ் ராய்ஸ் ஒரு மாவு மில்லை குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்தார். தொழில் சரியாகப் போகவில்லை. கடனாகி மில் கையை விட்டுப் போனது. பிழைப்பு தேடி குடும்பம் லண்டன் வந்தது. அங்கேயும் விடியவில்லை. 1872-ல் ஏழைகளுக்கான அரசு விடுதி ஒன்றில் ஜேம்ஸ் ராய்ஸ் இறந்துபோனார். அப்போது அவருக்கு 41 வயதுதான்.

அப்பா போன பிறகு 9 வயசு பையன் ஹென்றியும் சம்பாதிக்க வேண்டியதாகி விட்டது. லண்டன் ரெயில் நிலையங்களில் பேப்பர் விற்றான். கொஞ்சம் வளர்ந்ததும் தந்தி ஆபீசில் சேர்ந்து வீடு வீடாக தந்தி கொடுக்கிற வேலை. மேபேர் என்ற பணக்காரர்கள் பகுதியில் பெரிய பெரிய மாளிகைகளின் வாசலில் போய் நின்று தந்தி கொடுத்துவிட்டு வருவான்.

அதே மேபேர் பகுதியில் 1877-ல் ஒரு பிரபு வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையின் பெயர் சார்லஸ் ரோல்ஸ். தந்தி கொடுத்த பையன் பேரும், மாளிகையில் பிறந்த குழந்தை பேரும் பின்னாளில் ஒன்றாகச் சேர்ந்து உலகம் முழுவதும் ஓடப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அத்தை கட்டிய பணம்

ஹென்றிக்கு மெஷின் என்றால் உயிர். 1878-ல் அவருக்கு 15 வயது. அப்போது அத்தை ஒருவர் கை கொடுத்தார். பீட்டர்பரோ ரெயில்வே ஒர்க்ஷாப்பில் அப்ரண்டிஸ் சேர வேண்டுமானால் வருடத்துக்கு 20 பவுண்டு கட்ட வேண்டும். அந்தப் பணத்தை அத்தை கட்டினார்.

பகலில் ரெயில் என்ஜின்கள் மத்தியில் வேலை. ராத்திரி தங்கிய வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்காரரும் ரெயில்வே தொழிலாளி. தோட்டத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். அவரிடம் அரம் பிடிப்பது, லேத் ஓட்டுவது எல்லாம் கற்றுக்கொண்டார் ஹென்றி.

இப்படி 3 வருடம் போனது. அதற்கு மேல் அத்தையால் பணம் கட்ட முடியவில்லை. படிப்பு மாதிரியே தொழில் பயிற்சியும் பாதியில் நின்றது. கையில் சர்டிபிகேட் கிடையாது. லீட்ஸ் நகரத்தில் கருவிகள் செய்கிற கம்பெனி ஒன்றில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 11 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அப்படியென்றால் வாரம் முழுக்க உழைத்தாலும் அரை பவுண்டுக்கு கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் ஊர் உலகத்துக்கு கரண்டு புதுசாக வந்துகொண்டிருந்தது. அதில்தான் எதிர்காலம் இருக்கிறது என்று ராய்சுக்குப் பட்டது. லண்டன் போய் மின்சாரக் கம்பெனியில் சேர்ந்தார். வேலை முடிந்ததும் இரவு வகுப்புக்குப் போய் படித்தார். பிறகு லிவர்பூல் நகரத்தில் தெருக்களுக்கும் தியேட்டர்களுக்கும் மின்விளக்கு போடும் வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனியும் 1884-ல் மூடப்பட்டது. மறுபடியும் நடுத்தெரு.

காலிங் பெல்லில் ஆரம்பித்த தொழில்

இனிமேல் யாரிடமும் வேலை கேட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தார் ராய்ஸ். சேமிப்பு 20 பவுண்டு இருந்தது. எர்னஸ்ட் கிளேர்மான்ட் என்ற நண்பர் 50 பவுண்டு போட்டார். 70 பவுண்டு முதலீட்டில் மான்செஸ்டர் நகரம் குக் தெருவில் ஒரு பட்டறை தொடங்கினார்கள். அப்போது ராய்சுக்கு 21 வயது.

முதலில் செய்தது வீடுகளுக்கான காலிங் பெல், விளக்கு ஹோல்டர் மாதிரியான சின்னச் சின்ன சாமான்கள். குண்டு பல்பை அழுத்தித் திருப்பி மாட்டுகிறோமே, அந்த வகை ஹோல்டரில் ராய்ஸ் செய்த முன்னேற்றத்துக்கு பேடன்ட் கூட கிடைத்தது.

நண்பர்கள் இரண்டு பேரும் பட்டறைக்கு மேலேயே ஒரு ரூமில் தங்கினார்கள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். காசு மிச்சம் பண்ண வேண்டுமே! கொஞ்சம் கொஞ்சமாக தொழில் வளர்ந்தது. கரண்டு உற்பத்தி செய்யும் டைனமோ, பிறகு மின்சார கிரேன் என்று பெரிய ஐட்டங்களுக்குப் போனார்கள். ராய்ஸ் கிரேன் என்றால் ரிப்பேரே வராது என்று பேர் கிடைத்தது.

1893-ல் ராய்ஸ் மின்னி என்ற பெண்ணை மணந்தார். மின்னியின் சகோதரியை கிளேர்மான்ட் கட்டினார். தொழில் கூட்டாளிகள் சகலைகளும் ஆனார்கள்.

ஆனால் கல்யாணம் ஆகியும் ராய்ஸ் மாறவில்லை. வேலை, வேலை, வேலைதான். சாப்பிட உட்காரவே மாட்டார். பட்டறைப் பையன்கள் கையில் பால் டம்ளரை வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றுவார்களாம். வீட்டுக்குப் போனாலும் ராத்திரியில் தோட்டத்தில் லைட் போட்டு ரோஜாச் செடிகளை கவனித்துக்கொண்டிருப்பார்.

உடம்பு எவ்வளவு நாள்தான் தாங்கும்? 1902-ல் அவர் உடல்நிலை மோசமானது. ஏற்கனவே ஜெர்மனி, அமெரிக்க கம்பெனிகள் விலை குறைந்த கிரேன்களை கொண்டுவந்து இறக்கியதால் வியாபாரமும் அடிவாங்கியிருந்தது. விலையைக் குறைக்க வேண்டுமானால் தரத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு ராய்ஸ் சம்மதிக்கவில்லை. அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. கட்டாய ஓய்வாக, மனைவியின் சொந்தக்காரர்கள் இருந்த தென் ஆப்பிரிக்காவுக்கு கப்பலில் அனுப்பி வைத்தார்கள். அந்தக் கப்பலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. மோட்டார் கார் எப்படி இயங்குகிறது என்ற புத்தகத்தைப் படித்துக்கொண்டே போனார்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்

ஊர் திரும்பியதும் ராய்ஸ் ஒரு கார் வாங்கினார். டெகோவில் என்ற பிரான்ஸ் நாட்டு கார். புதுசு இல்லை, செகண்ட் ஹேண்ட். இரண்டு சிலிண்டர்.

அது ஒன்றும் மோசமான கார் இல்லை. அந்தக் காலத்துக்கு நல்ல கார்தான். ஆனால் ராய்ஸ் கண்ணுக்கு அதில் குறையாகத்தான் தெரிந்தது. சத்தம், அதிர்வு. தீப்பொறி சரியான நேரத்தில் விழவில்லை. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்கவில்லை. காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு குறையாக சரிசெய்யப் பார்த்தார். கடைசியில் இதை ரிப்பேர் பண்ணுவதைவிட நாமே ஒன்று செய்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

ரோல்ஸ்ராய்சின் ரகசியம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ராய்ஸ் காரை கண்டுபிடித்தவர் இல்லை. அவருக்கு முன்னாலேயே ஜெர்மனியிலும் பிரான்சிலும் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்தவர் செய்த பொருளை எடுத்து, அதில் எங்கே குறை என்று பார்த்து, அந்தக் குறை இல்லாமல் செய்வதுதான் ராய்சின் வேலை. நல்ல மெக்கானிக் செய்கிற அதே வேலை.

கிரேன் செய்த அதே குக் தெரு பட்டறையில், மூன்று கார்களுக்கு வேலை நடந்தது. 1904-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் கார் தயார். 10 குதிரைத்திறன் கொண்ட அந்தக் காரை ராய்சே ஓட்டிக்கொண்டு சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மூன்றில் ஒன்று ராய்சுக்கு. ஒன்று கிளேர்மான்ட்டுக்கு. இன்னொன்று ஹென்றி எட்மண்ட்ஸ் என்ற கம்பெனி டைரக்டருக்கு. அந்த எட்மண்ட்ஸ்தான் கதையையே மாற்றினார்.

தந்திப் பையனும் பிரபு வீட்டுப் பிள்ளையும்

எட்மண்ட்சுக்கு லண்டனில் ஒரு நண்பர். அவர்தான் மேபேர் மாளிகையில் பிறந்த சார்லஸ் ரோல்ஸ். பிரபுவின் மூன்றாவது மகன். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் என்று படித்தவர். கார், பலூன் என்று வேகத்தின் பின்னாலேயே ஓடியவர். லண்டனில் கார் ஷோரூம் வைத்து பிரான்ஸ், பெல்ஜியம் கார்களை விற்றுக்கொண்டிருந்தார். விற்பதெல்லாம் வெளிநாட்டு கார், நம்ம நாட்டில் ஒரு நல்ல கார் இல்லையே என்ற ஏக்கம் அவருக்கு.

1904 மே 4-ந்தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஓட்டலில் ராய்சும் ரோல்சும் சந்தித்தார்கள். ராய்சுக்கு 41 வயது, ரோல்சுக்கு 26 வயது. ஒருவர் கையில் கிரீஸ் கறை, இன்னொருவர் பிரபு வீட்டுச் செல்லப்பிள்ளை. ஒட்டவே ஒட்டாத ஜோடி என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

ரோல்சுக்கு முதலில் பெரிய நம்பிக்கை இல்லை. இரண்டு சிலிண்டர் கார் என்றால் தடதடவென்று ஆடும், அதனால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் ராய்ஸ் காரில் ஏறி ஒரு ரவுண்டு போனதும் அசந்துபோனார். என்ஜின் சத்தம் இவ்வளவு குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

டிசம்பர் 23-ந்தேதி ஒப்பந்தம் போட்டார்கள். ராய்ஸ் எத்தனை கார் செய்தாலும் அத்தனையையும் ரோல்ஸ் விற்றுக்கொடுப்பார். காருக்கு இரண்டு பேர் பேரும். ரோல்ஸ் பேர் முன்னால், ராய்ஸ் பேர் பின்னால். 10 குதிரைத்திறன் காரின் விலை 395 பவுண்டு. 1906 மார்ச் மாதம் ரோல்ஸ்ராய்ஸ் லிமிடெட் கம்பெனி பதிவானது. அதே வருடம் மேன் தீவில் நடந்த டூரிஸ்ட் டிராபி கார் பந்தயத்தில் ரோல்ஸ்ராய்சை ஓட்டி ரோல்ஸ் முதல் பரிசு தட்டினார்.

கம்பெனியில் மூன்றாவதாக ஒரு முக்கிய புள்ளி உண்டு. மானேஜிங் டைரக்டர் கிளாட் ஜான்சன். ராய்ஸ் செய்தார், ரோல்ஸ் விற்றார், ஜான்சன்தான் அந்தப் பேரை உலகம் முழுவதும் பரப்பினார்.

நிற்காமல் ஓடிய வெள்ளிக் கார்

1906 கடைசியில் 6 சிலிண்டர் கார் ஒன்றை ராய்ஸ் கொண்டுவந்தார். 40/50 குதிரைத்திறன் ரகம். அடுத்த வருடம் அதில் ஒரு காருக்கு வெள்ளி நிற பெயிண்ட் அடித்து, பாகங்களுக்கு வெள்ளி முலாம் பூசி ரோட்டில் இறக்கினார் ஜான்சன். அதற்கு சில்வர் கோஸ்ட், அதாவது வெள்ளிப் பேய் என்று பெயர். சத்தமே இல்லாமல் வந்து நிற்பதால் அந்தப் பெயர்.

கார் நல்லா இருக்கு என்று சொன்னால் மட்டும் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? மோட்டார் கிளப் அதிகாரிகள் மேற்பார்வையில் அந்தக் காரை லண்டனுக்கும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கும் இடையே மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ராத்திரி பகலாக ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ரெஸ்ட்.

ஆரம்பத்தில் 629-வது மைலில் ஒரு தடவை கார் நின்றது. பெட்ரோல் குழாய் அதிர்வில் தானாக மூடிக்கொண்டதுதான் காரணம். திறந்துவிட்டதும் கிளம்பியது. அதற்குப் பிறகு 14 ஆயிரத்து 371 மைல், அதாவது சுமார் 23 ஆயிரம் கிலோமீட்டர், கோளாறு என்று ஒரு தடவை கூட நிற்கவில்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியே போகிற கார் ரிப்பேர் ஆகாமல் திரும்பி வந்தாலே அதிசயம்.

15 ஆயிரம் மைல் முடிந்ததும் காரை முழுசாகப் பிரித்துப் பார்த்தார்கள். புதுக் கார் மாதிரி ஆக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டார்கள். தேய்ந்த பாகங்களுக்கு ஆன செலவு 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ். அவ்வளவே. அதோடு உலகத்திலேயே சிறந்த கார் என்ற பேர் ரோல்ஸ்ராய்சுக்கு ஒட்டிக்கொண்டது.

விலை? 985 பவுண்டு. அதுவும் என்ஜினும் சேசிசும் மட்டும்தான். லாரி, பஸ்சுக்கு பாடி கட்டுவது மாதிரி, மேல் பாகத்தை வேறு கம்பெனியில் தனியாகக் காசு கொடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். லீட்சில் ராய்ஸ் வாங்கிய 11 ஷில்லிங் வாரச் சம்பளத்தில் ஒரு பைசா கூட செலவழிக்காமல் சேர்த்தாலும், அந்த சேசிசை மட்டும் வாங்க 34 வருடம் ஆகும்!

அவ்வளவு விலை ஏன்? சேசிசில் ரிவெட் அடித்தால் நாளாக நாளாக லூசாகிவிடும் என்று ராய்ஸ் போல்ட் போடச் சொன்னார். ஒவ்வொரு துளையையும் தொழிலாளி கையால் சீவி, போல்ட் இம்மி பிசகாமல் உட்காரும்படி செய்ய வேண்டும். கண்ணுக்கே தெரியாத இடத்திலும் அவருக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

அந்த வேலை சுத்தம் கடல் தாண்டியும் பேசப்பட்டது. 1908-ல் பம்பாயில் இருந்து கோலாப்பூர் வரை மலைப்பாதையில் நடந்த சோதனை ஓட்டத்தில் ஒரு ரோல்ஸ்ராய்ஸ் கலந்துகொண்டு வென்றது. அந்தக் காரை குவாலியர் மகாராஜா வாங்கிக்கொண்டார். அதன் பிறகு இந்திய மகாராஜாக்கள் போட்டி போட்டுக்கொண்டு ரோல்ஸ்ராய்ஸ் வாங்கினார்கள். முதல் உலகப் போரில் இதே சில்வர் கோஸ்ட் சேசிசில் இரும்புக் கவசம் கட்டி பாலைவனத்தில் சண்டைக்கு ஓட்டினார்கள். 1926 வரை மொத்தம் 7 ஆயிரத்து 800-க்கும் அதிகமான சில்வர் கோஸ்ட் கார்கள் தயாரானது.

32 வயதில் போன ரோல்ஸ்

1908 ஜூலை 9-ந்தேதி டெர்பி நகரத்தில் பெரிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. ராய்ஸ் அந்தக் கட்டிட வேலையையும் தானே கவனித்தார்.

ஆனால் ரோல்ஸ் மனசு காரை விட்டுப் போய்விட்டது. அவருக்கு விமானப் பைத்தியம் பிடித்திருந்தது. 1910 ஜூன் 2-ந்தேதி விமானத்தில் இங்கிலீஷ் கால்வாயை தாண்டி பிரான்ஸ் போய், தரை இறங்காமலேயே திரும்பி வந்தார். இந்த சாதனையை முதலில் செய்தவர் அவர்தான். நாடே கொண்டாடியது.

அந்த சந்தோஷம் 40 நாள்தான். ஜூலை 12-ந்தேதி போர்ன்மவுத் நகரில் நடந்த விமானக் காட்சியில், அவர் ஓட்டிய விமானத்தின் வால் பகுதி முறிந்தது. விமானம் விழுந்து நொறுங்கியது. ரோல்ஸ் இறந்துபோனார். என்ஜின் பொருத்திய விமான விபத்தில் இறந்த முதல் இங்கிலாந்துக்காரர் அவர். வயது 32. கல்யாணம் கூட ஆகவில்லை.

ரோல்ஸ் போனாலும் அவர் பேரை கம்பெனி எடுக்கவில்லை.

சொந்த தொழிற்சாலைக்கே போக முடியவில்லை

அடுத்த அடி ராய்சுக்கு. 1911-ல் அவர் மறுபடியும் படுத்துவிட்டார். வருடக்கணக்கில் சாப்பாட்டைக் கவனிக்காமல் விட்டதன் பலன். 1912-ல் வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. பிழைப்பார் என்று டாக்டர்களே நம்பவில்லை.

ஆனால் பிழைத்தார். அதற்குப் பிறகு 21 வருடம் வாழ்ந்தார். அதில் கிளாட் ஜான்சனுக்கு பெரிய பங்கு உண்டு. ராய்சை டெர்பி தொழிற்சாலைப் பக்கமே வரவிடக் கூடாது என்று ஜான்சன் முடிவு செய்தார். பிரான்ஸ் நாட்டின் தெற்குக் கடற்கரையில் லெ கனடெல் என்ற இடத்தில் அவருக்கு வீடு ஏற்பாடு ஆனது. குளிர் காலத்தில் அங்கே. கோடை காலத்தில் இங்கிலாந்துக் கடற்கரை கிராமம். 1917-ல் இருந்து வெஸ்ட் விட்டரிங் என்ற ஊர்.

உடம்பு ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ராய்ஸ் தொழிற்சாலைக்குள் வந்தால் சும்மா இருக்க மாட்டார். இந்த பாகம் சரியில்லை, அதை மாற்று, இதைத் திரும்பச் செய் என்று ஆரம்பித்துவிடுவார். அப்புறம் உற்பத்தி எப்படி நடக்கும்?

ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை பார்த்த இடத்தில், ராய்சை நேரில் பார்க்காமலேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ராய்ஸ் என்றால் தபாலில் வரும் வரைபடம்தான். கூடவே தங்கியிருந்த என்ஜினீயர்கள் அவர் சொல்வதை வரைந்து டெர்பிக்கு அனுப்புவார்கள். பாகம் செய்து சோதனை நடக்கும். முடிவு கடிதத்தில் வரும். அதைப் பார்த்து மறுபடி திருத்துவார். இப்படியே 20 வருடம் ஓடியது.

குடும்ப வாழ்க்கையும் அந்த 1912-லேயே முறிந்தது. மனைவி மின்னி பிரிந்து போய்விட்டார். இருவருக்கும் சொந்தக் குழந்தை கிடையாது. எத்தல் ஆபின் என்ற நர்சுதான் கடைசி வரை கூடவே இருந்து ராய்சை கவனித்துக்கொண்டார். சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம் எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

ராய்ஸ் படுக்கையில் கிடந்த 1911-ல்தான் காரின் முன்னால் இருக்கும் பறக்கும் பெண் சிலை வந்தது. சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி செய்தது. இன்று ரோல்ஸ்ராய்ஸ் என்றாலே அந்தச் சிலைதான் அடையாளம். ஆனால் ராய்சுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காருக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்றுதான் அந்த மெக்கானிக் மனசு நினைத்தது.

விமானத்திலும் கொடிகட்டிய பேர்

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. அரசாங்கம் விமான என்ஜின் கேட்டது. நோயாளியாக கடற்கரை வீட்டில் இருந்தபடியே ஈகிள் என்ற என்ஜினை வடிவமைத்தார் ராய்ஸ். 1915-ல் அது ஓடியது. 1919 ஜூன் மாதம் ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு விமானிகள் அட்லாண்டிக் கடலை சுமார் 16 மணி நேரத்தில் எங்கும் நிற்காமல் விமானத்தில் தாண்டினார்கள். உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அந்த விமானத்தில் இருந்தது இரண்டு ஈகிள் என்ஜின்கள்.

1926-ல் ஜான்சனும் இறந்துபோனார். ரோல்ஸ் இல்லை, ஜான்சன் இல்லை. தனியாக நின்ற ராய்ஸ், விமானப் பந்தயத்துக்காக ஆர் என்ற என்ஜினை உருவாக்கினார். வெஸ்ட் விட்டரிங் கடற்கரையில் கைத்தடியால் மணலில் கோடு போட்டுத்தான் அந்த என்ஜினின் வடிவத்தை என்ஜினீயர்களுக்கு விளக்கினார் என்று ஒரு கதை உண்டு. அந்த என்ஜின் பொருத்திய விமானம் 1931 செப்டம்பரில் மணிக்கு 655 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலக சாதனை படைத்தது.

அதற்கு முந்தைய வருடம், 1930-ல், அரசாங்கம் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. ஏழை விடுதியில் செத்துப்போன மில்காரரின் பையன், பேப்பர் விற்ற ஹென்றி, சர் ஹென்றி ராய்ஸ் ஆனார்.

கடைசி வரைபடம்

1933 ஏப்ரல். ராய்சுக்கு 70 வயது. எழுந்து நடமாட முடியவில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. படுக்கையில் சாய்ந்தபடியே ஒரு கவரின் பின்பக்கத்தில் கார் ஷாக் அப்சர்பருக்கு ஒரு படம் போட்டு, அதை டெர்பிக்கு அனுப்பும்படி நர்ஸ் ஆபினிடம் கொடுத்தாராம். ஏப்ரல் 22-ந்தேதி அவர் உயிர் பிரிந்தது. அந்தப் படம் டெர்பி போய்ச் சேர்வதற்குள் அதைப் போட்டவர் உலகத்தில் இல்லை.

அவர் அஸ்தி முதலில் டெர்பி தொழிற்சாலையில் வைக்கப்பட்டது. உயிரோடு இருந்தபோது 20 வருடம் வரமுடியாத இடத்துக்கு அஸ்தியாகத்தான் வந்தார். பிறகு 1937-ல் அது அவர் பிறந்த ஆல்வால்டன் கிராமத்து தேவாலயத்துக்குப் போனது.

காரின் முன்னால் இருக்கும் இரண்டு ஆர் எழுத்துக்கள் அதற்கு முன்பு சிவப்பாக இருந்தன. ராய்ஸ் இறந்த அதே 1933-ல் கறுப்பாக மாறின. துக்கத்துக்காக மாற்றினார்கள் என்று இன்றும் பலர் சொல்வார்கள். உண்மையில் அது அவர் உயிரோடு இருந்தபோதே எடுத்த முடிவு. வாடிக்கையாளர் ஆசைப்படும் காரின் நிறத்துக்கு சிவப்பு பொருந்தவில்லை, அதுதான் காரணம்.

அவர் சாகும்போது டெர்பியில் இன்னொரு என்ஜின் வேலை நடந்துகொண்டிருந்தது. 1933 அக்டோபரில் அது முதல் தடவையாக ஓடியது. பிறகு மெர்லின் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் விமானங்களை எதிர்த்த ஸ்பிட்பயர், ஹரிகேன் போர் விமானங்களுக்கு உயிர் கொடுத்தது அந்த மெர்லின்தான். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மெர்லின் என்ஜின்கள் தயாரானது. அதைப் பார்க்க ராய்ஸ் இல்லை.

கம்பெனி உடைந்தது, பேர் உடையவில்லை

அவ்வளவு பெரிய கம்பெனியும் ஒரு நாள் சரிந்தது. புது ஜெட் என்ஜின் ஒன்றுக்கு கணக்கில்லாமல் செலவாகி, 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்ராய்ஸ் திவாலானது. அரசாங்கமே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. 1973-ல் கார் கம்பெனியையும் விமான என்ஜின் கம்பெனியையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். 1998-ல் கார் கம்பெனியை வாங்க ஜெர்மனியின் இரண்டு பெரிய கம்பெனிகளுக்குள் போட்டி. தொழிற்சாலை போக்ஸ்வாகனுக்குப் போனது. ரோல்ஸ்ராய்ஸ் என்ற பேரை பி.எம்.டபிள்யூ. தட்டிச் சென்றது.

தொழிற்சாலை இல்லாமல் பேரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பி.எம்.டபிள்யூ. புதுசாக ஒரு தொழிற்சாலை கட்டியது. 2003-ல் இருந்து ரோல்ஸ்ராய்ஸ் கார்கள் அங்கேதான் தயாராகின்றன. அந்த ஊர் பெயர் குட்வுட். ராய்ஸ் கடைசியாக வாழ்ந்து, கவரின் பின்னால் படம் போட்டுவிட்டு கண் மூடிய வெஸ்ட் விட்டரிங் கிராமத்தில் இருந்து அது கொஞ்ச தூரம்தான்.

தொழிற்சாலைப் பக்கமே வரக்கூடாது என்று கடற்கரைக்கு அனுப்பி வைக்கப்பட்ட மெக்கானிக்கைத் தேடி, தொழிற்சாலையே 70 வருடம் கழித்து அவர் வீட்டுப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது.